நடுக்கோட்டுக் கயிற்றை விற்காதீர்கள்: எங்கள் ஊர்க் கால்பந்துப் போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

உங்களில் சிலர் எனக்கு அண்ணன்மார், சிலர் காக்காமார் (எங்கள் ஊரில் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம்), ஒருவர் என் சொந்தத் தாய்மாமன். தெருவில் கண்டால் நின்று நலம் விசாரிக்காமல் கடந்துபோகிறவர் உங்களில் ஒருவர்கூட இல்லை. அதனால் இதை மடலாக எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நேரில் இரண்டு முறை பேசிப் பார்த்தேன். இரண்டு முறையும் அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். அடுத்த கூட்டம் கூடுவதற்கு முன்பே திடலின் மேற்குப் பக்கத்தில் பந்தல்காலுக்குக் குழி தோண்டியாகிவிட்டது. இனி ஊரறியப் பேசுவதுதான் முறை.

இந்த ஆண்டு நோட்டீஸில் நீங்கள் அச்சிட்டிருப்பது இது: மேற்குப் பந்தலில் பிரீமியம் இருக்கைகள். முன்வரிசை சோபா ஒரு நாளைக்கு 500 ரூபாய். பின்வரிசை நாற்காலி 300 ரூபாய். நின்று பார்ப்பவர்களுக்கு இரண்டு கோல்களுக்கும் பின்னால் இடம், 50 ரூபாய். குழிகளைக் காலால் எட்டு வைத்து அளந்து பார்த்தேன். நடுக்கோட்டின் இருபுறமும் முப்பது முப்பது எட்டுக்குப் பந்தல் வருகிறது. மேற்குக் கோட்டின் நடுப்பகுதி முழுதும் அதற்குள் போய்விடுகிறது.

நம் திடலைப் பார்த்திராதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அதன் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினத்துக்கும் மண்டபத்துக்கும் இடையே, பாக் விரிகுடாக் கரையில் இருக்கிறது ஊர். வடக்குக் கோலுக்குப் பின்னால் கடல். தெற்குக் கோலுக்குப் பின்னால் சாலை. கிழக்கே சீமைக்கருவேலங்காடு. மேற்கே மட்டும் வரிசையாகப் பனைகள். ஆட்டம் நாலரை மணிக்குத் தொடங்கும்போது பனைகளின் நிழல் மேற்குக் கோட்டில் நிற்பவர்கள் மேல் விழுந்து களத்துக்குள்ளும் நீளும். கிழக்கே நிற்பவர்களுக்கோ கண்ணுக்கு நேரே சூரியன். ஆகவே ஊரே மேற்கில்தான் நிற்கும். என் தாத்தா காலத்திலும் அங்கேதான் நின்றார்கள்.

அங்கே ஒரு வடக்கயிறு கட்டுவோம். ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு படகுக்காரர் கயிறு கொடுப்பார். கோட்டிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி, இடுப்பளவு உயரத்தில், ஒரு மூலைக்கொடியிலிருந்து மறு மூலைக்கொடி வரை. திடலுக்கும் ஊருக்கும் இடையே இருந்த தடுப்பு அது ஒன்றுதான். கயிற்றில் கை வைத்து நிற்பவனுக்கு விளையாடுகிறவனின் மூச்சு கேட்கும். விளையாடுகிறவனுக்கும் இவன் சொல்வது கேட்கும். நான் பதினோரு ஆண்டுகள் இடது விங்கில் ஆடியவன். கடல்பக்கக் கோலை நோக்கி ஆடும் பாதியில் என் ஓட்டமெல்லாம் அந்தக் கயிற்றை ஒட்டியேதான்.

ஓர் அரையிறுதியை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. ஒன்றுக்கு ஒன்று. நடுக்கோட்டுக்கு முன்னால் பந்து என் காலுக்கு வந்தது. நெஞ்சு அடைத்துக்கொண்டிருந்தது, பின்னால் தட்டிவிட்டு மூச்சு வாங்கலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது கயிற்றோரம் இருந்தவர்கள் ஓடத் தொடங்கினார்கள். பந்தை வைத்திருப்பவன் நான். ஆனால் எனக்கு முன்பே அவர்கள் ஓடினார்கள். ஐம்பது அறுபது பேர், கயிற்றுக்கு அந்தப் பக்கம், என்னோடு சேர்ந்து. “ஆள் இல்லை, போ!” என்று ஒரு குரல். “வலப்பக்கம் வருகிறான், வெட்டு!” என்று இன்னொன்று. என் கண்ணுக்குத் தெரியாததை அவர்களின் கண் எனக்குச் சொன்னது. வெட்டினேன். மூலைக்கொடி வரை போய்த் தூக்கிப் போட்டேன். நம் சென்டர் ஃபார்வர்ட் தலையால் முட்டினான். அந்தக் கோலை அவன் பெயரில் எழுதினீர்கள். பாதி கோல் கயிற்றோரத்துக்குச் சொந்தம் என்று இன்றும் நம்புகிறேன்.

கயிற்றோடு ஓடுவது என்று நாம் சொல்கிறோமே, அது நம் ஊருக்கென்று உள்ள ஒரு வழக்கம். பந்து நகர நகரச் சத்தமும் நகரும். வெளியூர் அணிக்காரர்கள் இந்தத் திடலுக்கு வந்து ஆட விரும்புவதற்கும், ஆட அஞ்சுவதற்கும் அதுவே காரணம். சோபாவைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓட முடியாது. நடுவில் அறுபது எட்டுக்குச் சோபாவும் நாற்காலியும் போட்டுவிட்டால், ஓடுகிறவர்களுக்குத் தடமும் இல்லை. நீங்கள் விற்பது உட்காருமிடத்தை மட்டும் என்று நினைக்கிறீர்கள். அந்தத் தடத்தையும் சேர்த்துத்தான் விற்கிறீர்கள்.

கூட்டத்தின் சத்தம் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கடற்கரைக்காரர்களாகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரைவலை இழுத்திருக்கிறீர்கள். ஒருவர் அம்பா எடுப்பார், வலை இழுக்கும்போது பாடும் பாட்டு அது. மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிப் பாடுவார்கள். அந்த ஒரு சொல்லில் எல்லாருடைய தோளும் ஒரே நேரத்தில் பின்னால் சாயும். தோளோடு தோள் நிற்பதால்தான் அது நடக்கிறது. பாடுகிற ஆளுக்கும் வாங்குகிற ஆளுக்கும் நடுவே, கயிற்றைத் தொடாமல் வேடிக்கை பார்க்கும் இருபது பேரை நிறுத்திப் பாருங்கள். பாட்டு அறுந்துபோகும். கயிறு கடலுக்குள் வழுக்கும்.

பிரீமியம் பந்தலை நடுக்கோட்டில் வைப்பது இதுதான். சத்தம் போடுகிற கூட்டத்தை வடக்கில் பாதியும் தெற்கில் பாதியுமாகப் பிரித்து, நடுவில் மௌனத்தைக் கொண்டுபோய் வைக்கிறீர்கள். போதாததற்குப் பஞ்சு மெத்தையும் துணிக்கூரையும் ஒலியை விழுங்கும் பொருள்கள். வடக்கே எழும் குரல் தெற்கே சேராது.

காசு கொடுத்து உட்காருகிறவர்களும் கத்தலாமே, யார் தடுத்தது என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருநகர ஸ்டேடியத்தில், தெரிந்தவர் ஒருவர் கொடுத்த உயர்விலைப் பாஸில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தேன். மெத்தை இருக்கை. தேநீர் கையில் வந்து சேர்ந்தது. முதல் கார்னர் கிக்குக்கு என்னை அறியாமல் எழுந்து நின்றேன். பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தட்டியது: “உட்காருங்கள் சார், மறைக்கிறது.” அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அவர் மேலும் தவறில்லை. பார்ப்பதற்காகப் பணம் கட்டியவர், பார்க்க விரும்பினார். உட்கார்ந்தேன். ஒரு கோல் விழுந்தபோது சுற்றிலும் கைதட்டினார்கள், ஒரு கச்சேரியில் தட்டுவதைப்போல. எதிர்முனையில் கொடி பிடித்திருந்த இளைஞர்கள் குதித்துப் பாடுவது கண்ணாடிக்குப் பின்னால் நடப்பதுபோலத் தெரிந்தது. இடைவேளைக்குப் பின் என் வரிசையில் பாதிப் பேர் இருபது நிமிடம் வரை திரும்பவே இல்லை. உள்ளே சிற்றுண்டி இருந்தது. யாரும் கத்தக் கூடாது என்று அங்கே யாரும் தடுக்கவில்லை, மாமா. அந்த இடமே தடுத்தது.

இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. இந்த ஆட்டத்தைப் பெருந்தொழிலாக்கிய இங்கிலாந்திலேயே இந்தப் புண் இன்னும் ஆறவில்லை. லண்டனில் வெம்பிளி ஸ்டேடியத்தை இடித்துக் கட்டி 2007-இல் திறந்தார்கள். 90,000 பேர் அமரலாம். அதன் நடு அடுக்கு முழுவதையும் உயர்விலை இருக்கைகளாக்கினார்கள். இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கும்போது, மேலும் கீழும் மக்கள் நிரம்பியிருக்க, நடுவில் சிவப்பு இருக்கைகள் ஒரு வளையமாகக் காலியாகக் கிடப்பதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. விலை உயர்ந்த இடம்தான் கேமராவுக்கு நேரே இருந்தது. நம் போட்டியையும் யூடியூபில் நேரலையாகக் காட்டப்போகிறோம் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறீர்கள். கேமரா கிழக்கிலிருந்து மேற்கைப் பார்க்கும். வளைகுடா நாடுகளிலிருந்து பார்க்கப்போகும் நம் பிள்ளைகளின் கண்ணில் எது படும் என்று எண்ணிப் பாருங்கள்.

2000 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் அணித்தலைவர் ராய் கீன், சொந்த ஊர் ரசிகர்களில் ஒரு பகுதியினரைப் பார்த்து மனம் வெதும்பிப் பேசினார். குடித்துவிட்டு, இறால் சாண்ட்விச் தின்றுவிட்டு, களத்தில் என்ன நடக்கிறது என்றே அறியாமல் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அன்றிலிருந்து அந்த நாட்டில் உயர்விலை இருக்கைக்காரர்களுக்கு இறால் சாண்ட்விச் கூட்டம் என்பதே பெயராகிவிட்டது. நம் படகுகள் இரவெல்லாம் இழுத்து வரும் இறாலும் ஏற்றுமதியாகிறது. அந்த இறால் எந்தத் தட்டுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைப் பிடித்தவன் தன் ஊர்த் திடலில் கோலுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும்படி ஆகக் கூடாது. இந்த ஒரு காட்சி என்னைத் தூங்கவிடவில்லை.

காலத்தையும் நினையுங்கள். நாம் போட்டி நடத்துவது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆட்கள் ஊரில் இருப்பார்கள் என்பதால்தான் முன்னோர்கள் இந்த மாதங்களைத் தேர்ந்தார்கள். ஆனால் ஆட்கள் இருக்கிற அதே மாதங்களில்தான் அவர்கள் கையில் காசு இருக்காது. தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவித்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு குடும்பத்துக்கு அவ்வளவுதான். அதிலிருந்து ஒருவர் ஒரு நாளைக்கு 500 ரூபாய் எடுத்துச் சோபாவில் உட்காருவாரா? மாட்டார். தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் கோலுக்குப் பின்னால் நிற்கவே 150 ரூபாய். போட்டி பதினைந்து நாள். கணக்கை உங்களிடமே விடுகிறேன்.

ஏப்ரல் 15 என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நமக்குத் தடைக்காலம் தொடங்கும் அந்த நாள் லிவர்பூல் மக்களுக்குத் துக்க நாள். 1989-இல் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்தில், நின்று பார்க்கும் பகுதியில், அளவுக்கு மீறி ஆட்களை உள்ளே விட்டதால் கம்பிவேலியில் நசுங்கி 97 பேர் இறந்தார்கள். நின்று பார்ப்பது ஆபத்து என்று நீங்கள் சொன்னால், இந்தச் சாவுகளை மறந்துவிட்டு நான் பதில் சொல்ல மாட்டேன். ஆபத்து உண்டு. அதன்பின் விசாரித்த நீதிபதி டெய்லர், பெரிய ஸ்டேடியங்களில் எல்லாரும் அமர்ந்து பார்க்க வேண்டும் என்று 1990-இல் பரிந்துரைத்தார். ஆனால் அதே அறிக்கையில் அவர் இன்னொன்றும் சொன்னார். நின்று பார்த்தவர்களின் பைக்கு ஏற்ற விலையிலேயே இருக்கை கிடைக்க வேண்டும். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் ஸ்டேடியத்தில் இருக்கைக்கு 6 பவுண்டு, நிற்க 4 பவுண்டுதானே என்று எடுத்துக்காட்டும் தந்தார். அறிக்கையின் முதல் பாதியை நிறைவேற்றினார்கள். இரண்டாம் பாதியைக் காற்றில் விட்டார்கள்.

லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் கோப் என்று ஒரு பகுதி உண்டு. ஒரு காலத்தில் அங்கே 28,000 பேர் வரை நின்று பாடியிருக்கிறார்கள். 1994 ஏப்ரல் 30 அன்று கடைசியாக நின்றார்கள். அதன்பின் இருக்கை போட்டதும் அந்த இடத்தில் சுமார் 12,000 பேர்தான் கொண்டது. அதற்குப் பிறகும் அந்த மக்கள் விடவில்லை. 2016-இல் புதிதாகக் கட்டிய பக்கத்தில் அதிகபட்ச டிக்கெட் 77 பவுண்டு என்று நிர்வாகம் அறிவித்தது. பிப்ரவரி 6-ஆம் தேதி, சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில், சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் இரண்டுக்குப் பூஜ்யம் என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. சில நாளில் நிர்வாகம் அந்த விலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மன்னிப்பும் கேட்டது.

கூட்டம் போனதால்தான் கோல் விழுந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டத்தின் சத்தம் ஆட்டத்தைத் தொடுகிறது என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களைக் காட்டினார்கள். சிலருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, சிலருக்குச் சத்தமின்றி. சத்தம் கேட்டவர்கள் உள்ளூர் அணி மீது சொன்ன ஃபவுல்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. கொரோனாக் காலத்தில் ஜெர்மனியில் ஆளில்லாத ஸ்டேடியங்களில் ஆடியபோது உள்ளூர் அணிகளின் வெற்றி கண்கூடாகக் குறைந்தது. நடுவரை மிரட்டச் சொல்லி இதை எழுதவில்லை. நம் கயிற்றோரத்தில் ஒருபோதும் அது நடந்ததில்லை. கத்துகிறவனும் ஆட்டத்தில் ஓர் ஆள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் பக்கத்து வழக்கு. அதை என்னைவிட வலுவாகச் சொன்னவர் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் அணியை நிர்வகித்த ஊலி ஹோனஸ். 2007-இல் அந்த அணியின் பொதுக்கூட்டத்தில் ஒரு ரசிகர் எழுந்து, ஸ்டேடியத்தில் உயிரே இல்லை என்று குறைப்பட்டார். ஹோனஸ் வெடித்துவிட்டார். “மேலே சொகுசு அறைகளில் இருப்பவர்களிடம் கறப்பதால்தான் நீங்கள் 7 யூரோவுக்கு உள்ளே வந்து நிற்கிறீர்கள். சத்தம் இல்லையென்றால் அது உங்கள் பொறுப்பு” என்று அந்த ரசிகர்களிடம் சொன்னார். கோபத்தில் பேசினாலும் அதில் உண்மை இருக்கிறது. நம் வரவு செலவு எனக்கும் தெரியும். நடுவர்களின் படி, வெளியூர் அணிகளின் சாப்பாடு, விளக்கு வாடகை, ஆம்புலன்ஸ், பரிசுத்தொகை. முன்பெல்லாம் படகுக்கு இவ்வளவு என்று படகு முதலாளிகளான சம்மாட்டிகள் கொடுத்துவிடுவார்கள். டீசல் விலை ஒருபக்கம், இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்த் திரும்பி வராத படகுகள் ஒருபக்கம் என்று ஆனபின் அவர்களிடம் போய்க் கை நீட்ட உங்களுக்கு மனம் வரவில்லை. தலைவர் அண்ணன் போன ஆண்டு தன் வீட்டு நகையை வைத்துப் பற்றாக்குறையைக் கட்டியதும் ஊருக்குத் தெரியும். இதைச் சொல்லாமல் உங்களைக் குறை சொல்வது அறமன்று.

பிரீமியம் இருக்கையே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அது எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் என் வழக்கு முழுவதும் இருக்கிறது.

ஹோனஸ் சொன்ன மியூனிக்கில் சொகுசு அறைகள் இருந்தன; நின்று பாடும் முனையும் மலிவாகவே இருந்தது. அதே ஜெர்மனியின் டார்ட்மண்ட் ஸ்டேடியத்தின் தெற்குப் பக்கத்தில் ஏறத்தாழ 25,000 பேர் நின்று பார்க்கிறார்கள். ஐரோப்பாவிலேயே மிகப்பெரிய நிற்குமிடம் அது. மஞ்சள் சுவர் என்று பெயர். அதே ஸ்டேடியத்தில் பணக்காரர்களுக்கும் இடம் இருக்கிறது. அவர்கள் அந்தச் சுவரைப் பார்க்கத்தான் பணம் தருகிறார்கள். லண்டனில் டாட்டன்ஹாம் அணி 2019-இல் திறந்த புதிய ஸ்டேடியத்தில் சொகுசுக்குப் பஞ்சமே இல்லை; ஆனாலும் தெற்குப் பக்கத்தை 17,500 பேர் ஒரே அடுக்காகச் சேர்ந்திருக்கும்படி, நடுவில் சொகுசு அறை எதுவும் வெட்டாமல் கட்டினார்கள். இங்கிலாந்து 2022-இல் சில ஸ்டேடியங்களில், ஒவ்வொரு வரிசையிலும் கம்பி வைத்து, மீண்டும் நிற்க அனுமதி தந்தது. ஒரு தலைமுறை கழித்துத் தாங்கள் இழந்தது என்னவென்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. பிரேசிலின் மரக்கானாவில் களத்தை ஒட்டி ஏழைகள் நின்ற ஜெரால் பகுதியை 2005-இல் மூடினார்கள். அது திரும்பவே இல்லை.

ஐரோப்பாவில் கோலுக்குப் பின்னால் நின்றுதானே பாடுகிறார்கள், நாங்களும் அங்கேதானே இடம் தருகிறோம் என்று செயலாளர் காக்கா கேட்டார். காக்கா, அங்கே அது படிப்படியாக உயர்ந்து போகும் மேடை. இருபதாவது வரிசைக்காரனுக்கும் எதிர்க்கோல் தெரியும். நமக்குக் கோலுக்குப் பின்னால் இருப்பது சமதள மணல். முதல் வரிசைக்கு வலை தெரியும். இரண்டாம் வரிசைக்கு முதல் வரிசையின் முதுகு தெரியும். வடக்குக் கோலுக்குப் பின்னால் இன்னும் மோசம், தரை கடலை நோக்கிச் சரிகிறது. சோழகக் காற்று எழும்பிவிட்டால் தெற்கிலிருந்து மணலை வாரி முகத்தில் அடிக்கும். ஆறு வயதுப் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்தால் பின்னால் நிற்பவனுக்கு ஆட்டம் முடிந்தது. மேற்குக் கோடு நீளமானது. அங்கே ஒரே வரிசையில் எத்தனையோ பேர் கயிற்றைப் பிடிக்கலாம். கோலுக்குப் பின்னால் அந்த நீளம் ஏது?

ஆகவே என் வேண்டுகோள் இது. பந்தல்காலை மேற்குப் பக்கத்திலேயே நடுங்கள். ஆனால் கோட்டிலிருந்து பதினைந்து எட்டுப் பின்னால், பனைகளை ஒட்டி நடுங்கள். நான்கடி உயரத்துக்கு மேடை எழுப்பி அதன்மேல் சோபாவைப் போடுங்கள். உட்கார்ந்திருப்பவருக்கு நிற்பவரின் தலைக்கு மேலே களம் தெரியும். முன்னால் கயிறு பழைய இடத்திலேயே இருக்கட்டும், ஓடுகிறவர்கள் ஓடட்டும். 500 ரூபாய் கொடுக்கிற மருத்துவரும் கடைக்காரரும் வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்த தம்பிமாரும் நம் திடலுக்கு வருவது மெத்தைக்காக அல்ல. வீட்டில் அதைவிட நல்ல மெத்தை இருக்கிறது. கயிற்றோரம் கொதிப்பதை அருகிலிருந்து பார்க்க வருகிறார்கள். அதை அவர்கள் கண்முன்னாலேயே வைத்துக் கொடுங்கள். தாராளமாக 600 ரூபாய்கூட வாங்கிக்கொள்ளுங்கள்.

மேடை போடுவதென்றால் இன்னொன்றையும் மன்றாடிக் கேட்கிறேன். 2022 மார்ச்சில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் போட்டியில் தற்காலிக காலரி சரிந்து ஏராளமானோர் காயமடைந்தார்கள். சவுக்குக் கம்பையும் கயிற்றையும் நம்பி ஆட்களை ஏற்றாதீர்கள். பொறியாளர் ஒருவரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதி ஒட்டுங்கள். அதற்குமேல் ஒரு டிக்கெட்கூட விற்காதீர்கள், இறுதி ஆட்டத்தன்றும்.

பெண்களையும் முதியவர்களையும் காரணம் காட்டி நாற்காலிப் பந்தலை ஆதரிக்கிறார்கள். அவர்களுக்கு இருக்கை வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. இத்தனை ஆண்டுகளாக நம் பெண்கள் மொட்டைமாடியிலிருந்தும் மதில் மேலிருந்தும் பார்த்ததே நமக்குக் குறைவு. ஆனால் அந்த நாற்காலிகளை விற்பது ஏன்? மேடையின் ஒரு பகுதியை அவர்களுக்கென்று விலையில்லாமல் ஒதுக்குங்கள். என் அக்கா பத்து வயதில் மதில் மேல் நின்று ஆஃப்சைடு சொன்னவள். அவள் குரல் திடலுக்குள் இருந்திருந்தால் எத்தனை தோல்விகளைத் தவிர்த்திருப்போமோ.

கோல்களுக்குப் பின்னால் 50 ரூபாய் என்பதையும் கைவிடுங்கள். வாசலில் உண்டியல் தகரம் இருந்தபோது, இருப்பவர் நூறு போட்டார், இல்லாதவர் பத்துப் போட்டார், அதுவும் இல்லாதவர் தலைகுனிந்து கடந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தடைக்காலத்தில் ஒருவன் தன் ஊர்த் திடலுக்குள் நுழையக் காசைத் தேடிச் சட்டைப்பையைத் தடவும்படி வைக்காதீர்கள். இந்த இரண்டு மாதமும் அவன் எதையெல்லாமோ விட்டுக்கொடுத்துக் கொண்டிருக்கிறான்.

முக்கிய விருந்தினர் வரிசை பற்றி ஒன்று. 2025 டிசம்பர் 13 அன்று கொல்கத்தாவின் சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு மெஸ்ஸி வந்தபோது, முக்கியப் புள்ளிகள் சூழ்ந்துகொண்டதால் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வந்த மக்களுக்கு அவர் கண்ணில் படவே இல்லை. அவர் சீக்கிரமே கிளம்பிவிட, இருக்கைகளைப் பிய்த்து எறிந்தார்கள். அதே ஸ்டேடியத்தில்தான் 1997-இல் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆட்டத்துக்கு 1,31,000-க்கும் மேற்பட்டோர் கூடினார்கள். பரிசளிப்பின்போது நம் களத்துக்குள் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்பதை நீங்களும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கோப்பையைத் தூக்கும் பையனைக் கயிற்றோரத்தில் நிற்கும் அவன் அம்மா பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை பந்தல்கால் நடுவதாகக் கேள்விப்பட்டேன். அன்று மூன்று மணிக்கே திடலில் இருப்பேன். அப்பாவின் படகு விற்றுப்போனபோது மேலிருந்த எல்லாவற்றையும் வாங்கியவரிடமே விட்டுவிட்டோம். ஒரு வடக்கயிற்றை மட்டும் அம்மா பரணில் எடுத்து வைத்தார். நான் ஆடிய காலத்தில் மூன்று ஆண்டுகள் மேற்குக் கோட்டில் கட்டியது அந்தக் கயிறுதான். நேற்று இறக்கிப் பார்த்தேன். இரண்டு இடங்களில் பிரி விட்டிருக்கிறது, முடிந்து வைத்திருக்கிறேன். குழிகளைப் பதினைந்து எட்டுப் பின்னால் தோண்ட ஆள்கூலியும் என்னுடையது. மண்வெட்டியோடு நாலு தம்பிமாரும் வருகிறார்கள். மாமா ஒரு முனையைப் பிடித்தால் போதும். மறுமுனையைக் கடல்பக்க மூலைக்கொடியில் நான் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பழைய இடது விங் ஆட்டக்காரன்